முள்ளம்பன்றி வீட்டில் தண்ணீர் தேங்கிய கதை

மூங்கில் காட்டுச் சரிவில் கூரன் என்ற முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தது. மனைவி மருதி. குட்டிகள் இரண்டு.

நல்ல பெரிய வளை அது. மேலே சமையலறை. அங்கிருந்து சரிந்து இறங்கினால் குட்டிகள் தூங்கும் அறை. சமையலறைப் பாறையில் ஒரு வெடிப்பு இருந்தது. அதிலிருந்து ஊற்றுத் தண்ணீர் எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும். கழுவிய தண்ணீர் மூலையில் இருந்த ஓட்டை வழியாக இறங்கி, மண்ணுக்குள் ஒரு பாறையைச் சுற்றி வளைந்து, வெளியே சரிவில் போய் விழும்.

"இந்தக் காட்டிலேயே வீட்டுக்குள் தண்ணீர் வருவது நம் வீட்டில்தான்!" என்று கூரன் பெருமையடித்துக்கொள்ளும்.

தண்ணீர் வருவதில் குறையே இல்லை. போவதில்தான் தகராறு.

ஒரு மாலை மருதி கிழங்கு கழுவிக்கொண்டிருந்தது. தண்ணீர் இறங்கவில்லை. பாதம் மூழ்கும் அளவுக்குத் தேங்கி நின்றது. கெட்ட வாடை வேறு.

"ஏங்க, மறுபடியும் அடைத்துக்கொண்டது!"

"நீதான் கிழங்குத் தோலையெல்லாம் உள்ளே தள்ளுகிறாய்!" என்றது கூரன்.

"நானா? நீங்கள் அங்கே நின்றுதானே உடம்பைச் சொறிந்துகொள்கிறீர்கள்! முள் உதிராதா?"

"ஒன்றிரண்டு உதிரும். அதுவா அடைக்கப் போகிறது!"

"நான் விடுவதும் கொஞ்சம் நார்தான். தண்ணீரோடு போய்விடும்!"

குட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அந்த ஓட்டையில் கூழாங்கல்லைப் போட்டு, அது 'டொபுக்' என்று விழும் சத்தத்தைக் கேட்பதுதான் அவற்றுக்குப் பிடித்த விளையாட்டு. அதை வாய் திறந்து சொல்லவில்லை.

கூரன் வெளியே போய் ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு வந்தது. ஓட்டைக்குள் விட்டு ஓங்கிக் குத்தியது. குச்சியின் முனை உள்ளேயே முறிந்துவிட்டது. ஆனால் தண்ணீர் 'களக் களக்' என்று இறங்கியது.

"பார்த்தாயா! ஒரே குத்து!"

மருதிக்கும் நிம்மதி. சண்டையும் தண்ணீரோடு சேர்ந்து இறங்கிப் போனது.

சில நாளில் மறுபடியும் அடைத்தது. மறுபடியும் குச்சி. அடுத்த முறை இன்னும் நீளமான குச்சி. ஒவ்வொரு முறையும் முனை உள்ளே முறிந்தது. கடைசியில் எந்தக் குச்சிக்கும் அடைப்பு அசைந்து கொடுக்கவில்லை.

சரிவின் அடியில் தொப்பளான் என்ற பெருச்சாளி இருந்தது. வளைகளுக்குள் நுழைந்து அடைப்பு எடுப்பதுதான் அதற்குத் தொழில். கூரன் அதைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"இதெல்லாம் ஒரு வேலையா அண்ணே! அண்ணி, நல்ல கிழங்காக எடுத்து வையுங்கள்!" என்று சொல்லிவிட்டுத் தொப்பளான் ஓட்டைக்குள் புகுந்தது. உள்ளே பிராண்டும் சத்தம் கேட்டது. தண்ணீர் 'சர்'ரென்று இறங்கியது. தொப்பளான் சேறு சொட்டச் சொட்ட வெளியே வந்து, கிழங்கை வாங்கிக்கொண்டு போனது.

"இவ்வளவுதான் வேலை! இதற்குப் போய் நாம் அடித்துக்கொண்டோம்!" என்றது மருதி.

அதன் பிறகு வீட்டில் யாரும் ஓட்டையைப் பற்றிக் கவலைப்படவில்லை. கூரன் தைரியமாக அங்கேயே நின்று சொறிந்தது. மருதி இலுப்பைக் கொட்டையை அரைத்த எண்ணெய்ப் பிசுக்கையும் அங்கேயே கழுவிவிட்டது. குட்டிகள் பெரிய கற்களாகத் தேடிப் பிடித்தன. அடைத்துக்கொண்டால் தொப்பளான்தான் இருக்கிறதே! அதுவும் அடிக்கடி வந்தது. வரவர, கூப்பிடுவதற்கு முன்பே எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, அடைத்துக்கொண்டதா?" என்று விசாரித்தது.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் நண்பகலில் மழை கொட்டித் தீர்த்தது. முள்ளம்பன்றிகளுக்குப் பகல்தான் தூங்கும் நேரம். சமையலறை ஓரத்தில் படுத்திருந்த மருதி, வயிற்றில் ஏதோ ஜில்லென்று பட்டு விழித்துக்கொண்டது. சமையலறை முழுக்கத் தண்ணீர்! பாறை வெடிப்பிலிருந்து ஊற்று அருவி போலக் கொட்டியது. மூலை ஓட்டை ஒரு சொட்டுகூட உறிஞ்சவில்லை. தேங்கிய தண்ணீர் விளிம்பைத் தாண்டி, குட்டிகளின் அறைக்குள் பாய்ந்துகொண்டிருந்தது.

"எழுந்திருங்கள்! தண்ணீர்!"

கூரன் அரைத் தூக்கத்தில் குச்சியைத் தேடியது.

"குச்சியைப் போடுங்கள்! குட்டிகளைப் பாருங்கள்!" என்று மருதி கத்தியது.

இரண்டும் கீழ் அறைக்குள் பாய்ந்தன. ஒரு குட்டி மிதந்துகொண்டிருந்த சருகு மெத்தையின் மேல் நின்று அழுதது. மருதி அதை வாயில் கவ்விக்கொண்டு ஓடியது. இன்னொன்றைக் காணோம். கூரன் இருட்டில் தண்ணீருக்குள் தலையை விட்டுத் துழாவியது. மூச்சு முட்டியது. மேலே வந்து மறுபடியும் மூழ்கியது. சுவரோரமாகச் சின்ன முட்கள் மூக்கில் குத்தின. அவ்வளவு சந்தோஷமாக அது வாழ்நாளில் குத்து வாங்கியதில்லை. அந்தக் குட்டி ஒரு வேரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, மூக்கை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

குட்டிகளை வெளியே ஒரு பாறை மறைவில் விட்டதும் கூரன் சரிவில் உருண்டு ஓடி, தொப்பளானின் வளை வாசலில் நின்றது.

"தம்பி! உடனே வா! வீடு மூழ்குகிறது!"

உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. "இந்த மழையிலா? தலையை நீட்ட முடியாது அண்ணே! மழை விடட்டும், வருகிறேன்!"

கூரன் வெறுங்கையோடு திரும்பியது. அதற்குள் மருதி சரிவில் நின்று மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. ஓட்டைத் தண்ணீர் வந்து விழும் வடிகால் வாயிலிருந்து மேல் நோக்கி, அடைப்பு இருக்கும் பாறை வளைவு வரை போக வேண்டும். கூரனும் சேர்ந்துகொண்டது. நகம் தேயத் தேய இரண்டும் தோண்டின.

பாறையைத் தொட்டதும் மண் உப்பியது. "விலகுங்கள்!" என்றது மருதி. ஒரு பெரிய உருண்டை பிதுங்கி வெளியே வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே வீட்டிலிருந்த தண்ணீரெல்லாம் பாய்ந்து வந்தது.

மழை ஓய்ந்த பிறகு நான்கும் அந்த உருண்டையைச் சுற்றி நின்றன. கூரன் அதைக் கிளறியது. உள்ளே முறிந்த குச்சி முனைகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. அவற்றில் முட்கள் சிக்கியிருந்தன. முட்களில் கிழங்கு நார் சுற்றியிருந்தது. எல்லாவற்றையும் இலுப்பை எண்ணெய்ப் பிசுக்கு பசை போல ஒட்டி வைத்திருந்தது. இடுக்குகளில் கூழாங்கற்கள். நடுவில் பெருச்சாளி வால் நுழையும் அளவுக்கு ஒரு துளை; அதையும் ஒரு கல் அடைத்திருந்தது.

யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்ல இடமில்லை.

அப்போது தொப்பளான் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. "என்ன அண்ணே, அடைப்பு போய்விட்டதா?"

"நீ இத்தனை முறை வந்தாயே, இதை ஒரு தடவையாவது வெளியே எடுத்தாயா? ஒரு துளையைப் போட்டுவிட்டுக் கிழங்கோடு போயிருக்கிறாய்!" என்று கூரன் முட்களைச் சிலிர்த்தது.

தொப்பளான் இரண்டடி பின்வாங்கியது. ஆனால் பேச்சில் பின்வாங்கவில்லை. "தண்ணீர் இறங்க வேண்டும் என்றீர்கள். இறங்கியது. ஏன் அடைக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? முழுசாக எடுத்திருந்தால் என் பிழைப்பு என்ன ஆவது!"

தொப்பளான் வந்த வழியே போய்விட்டது.

"கல் போட்டது நாங்கள்தான்," என்று சின்னக் குட்டி முனகியது.

"கிழங்கு நாரும் பிசுக்கும் என்னுடையவை," என்றது மருதி.

கூரன் முறிந்த குச்சி முனைகளையும் முட்களையும் தன் பக்கம் ஒதுக்கியது. பிறகு, "மிச்சமெல்லாம் என்னுடையவை," என்றது.

வளையைக் காயவைத்து, வடிகாலைச் சீராகத் தோண்டி மூடின. மருதி வெட்டிவேரைப் பின்னி ஓட்டையின் மேல் சல்லடையாகப் போட்டது. பிசுக்கை இலையால் வழித்த பிறகே கழுவியது. கூரன் சொறிந்துகொள்ள வெளியே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தது. சல்லடையில் தங்கும் குப்பையைத் தினமும் அள்ளிக் குழியில் கொட்டும் வேலை முறை வைத்து எல்லோருக்கும் வந்தது.

"சீ, நாறுகிறது! தினமும் இதே வேலையா?" என்று தன் முறை வரும்போதெல்லாம் கூரன் முகம் சுளிக்கும். சுளித்துக்கொண்டே அள்ளும்.

அடுத்த ஐப்பசியில் அதைவிடப் பெரிய மழை பெய்தது. குட்டிகள் காய்ந்த சருகின் மேல் பகல் முழுதும் தூங்கின.

திரும்பத் திரும்ப வரும் தொல்லையை அப்போதைக்கு விலக்கிவிட்டால் போதும் என்று இருப்பவர் அதை வளர்க்கிறார். அதில் தன் பங்கு எது என்று பார்த்து நிறுத்துகிறவரே அதிலிருந்து விடுபடுகிறார்.