கேட்காமலே பேசும் மீட்டர்

அந்தக் காலத்தில் பல்லியும் பேசும், கரண்ட்டு மீட்டரும் பேசும். ஆனால் மீட்டருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ரீடிங் எடுப்பவர் வந்து டார்ச் அடித்துக் கேட்டால் மட்டும்தான் வாய் திறக்கும். மற்ற நேரத்தில் வீடே இடிந்து விழுந்தாலும் மூச்சு விடாது. ஊர் இதை நல்ல குணம் என்றது. எனக்கென்னவோ, தெரிந்தும் பேசாதவர்களைக் கண்டால் எப்போதும் சந்தேகம்தான்.

பனையடித் தெருவில் சகாயமேரி என்று ஒரு தையல்காரி. அவள் வீட்டு மீட்டருக்குப் பின்னால் ஒரு பல்லி குடியிருந்தது. குடியிருப்புதான் அங்கே, சாப்பாடு பக்கத்து வீட்டில். அங்கே வேலுச்சாமி கோழிக்குஞ்சு வளர்த்தான். குஞ்சுகளுக்குச் சூடு காட்ட வரிசையாகப் பல்பு எரியும். பல்பைத் தேடிப் பூச்சி வரும், பூச்சியைத் தேடிப் பல்லி போகும். அந்தப் பல்புகளுக்குக் கரண்ட்டு மட்டும் மீட்டர் வழியாக வரவில்லை. வேலுச்சாமி தெருக் கம்பியில் கொக்கி போட்டிருந்தான். பல்லி தினமும் பார்த்தது. தின்ற வாய் எப்படிச் சொல்லும்?

தெருவுக்குக் கொடுத்த கரண்ட்டும் மீட்டர்கள் சொன்ன அளவும் ஒத்துப்போகவில்லை. யாரோ திருடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஒருவர் வீட்டு மின்விசிறியை இன்னொருவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கரண்ட்டு ஆபீசிலிருந்து பொன்னையா விசாரிக்க வந்தபோது, ஓயாமல் சத்தம் கேட்டது சகாயமேரியின் தையல் மெஷினிலிருந்துதான்.

“மெஷின் இந்த ஓட்டம் ஓடுது. ரீடிங் மட்டும் எப்படிம்மா இவ்வளவு கம்மி?”

“கால்ல மிதிக்கிறேன் சார். அவசரத்துக்குத்தான் மோட்டர். பள்ளிக்கூடம் திறக்கப்போவுது, பிள்ளைங்க யூனிபார்ம் அத்தனையும் என்கிட்டதான் இருக்கு. லைனை வெட்டிடாதீங்க.”

பொன்னையா தாடையைச் சொறிந்தார். “எனக்கென்னமோ திருட்டு இந்த வீட்டுலதான்னு படுது” என்றபடி, மீட்டரைக் கேட்பதற்காக டார்ச்சைத் தேடிப் பையில் கைவிட்டார்.

பல்லி கணக்குப் போட்டது. மீட்டர் வாய் திறந்தால் விசாரணை பக்கத்து வீட்டுக்குப் போகும். கொக்கி போனால் பல்பு போகும், பல்பு போனால் பூச்சி போகும். உடனே அது “த்ச்... த்ச்... த்ச்” என்றது.

“பல்லி சொல்லிடுச்சு!” என்று முதலில் கத்தியவன் வேலுச்சாமி. பேச்சுக்கு நடுவில் பல்லி சொன்னால் அது சத்தியம் அல்லவா? வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த தெருக் கூட்டம் தலையாட்டியது. பொன்னையா டார்ச்சைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு ஏணியைக் கேட்டார்.

வீடு இருண்டது. மிதிக்கிற மெஷினுக்குக் கரண்ட்டு வேண்டாம்தான். ஆனால் திருடி என்று பேர் எடுத்தவளிடம் யார் துணி கொடுப்பார்கள்? தாய்மார்கள் ஒவ்வொருவராக வந்து, வெட்டி வைத்த துணியைக்கூடத் திருப்பி வாங்கிப் போனார்கள். மீட்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

லைனை வெட்டியும் திருட்டு நிற்கவில்லை. பொன்னையா மறுபடி வந்தார். இந்தத் தடவை டார்ச் அடித்துக் கேட்டார்.

“இவ எடுத்தது நான் சொன்ன அளவுதான்” என்றது மீட்டர். “அடுத்த வீட்டுல அத்தனை பல்பு எரியுது. அங்க இருக்கிற மீட்டர் ஏன் தூங்குது?”

கொக்கி அகப்பட்டது. சகாயமேரி வீட்டில் விளக்கும் எரிந்தது. துணிதான் திரும்பி வரவில்லை. அவள் மீட்டர் முன்னால் வந்து நின்றாள்.

“உனக்கு அன்னிக்கே தெரியுமில்ல?”

“தெரியும். யாரும் கேக்கலியே.”

“என்னைத் திருடின்னாங்க. அப்பவும் வாயை மூடிக்கிட்டு இருந்தியே, பாவி! இனிமே கேக்காமலே பேசு!”

மீட்டருக்கு வெட்கமாகப் போயிற்று. சரி என்றது.

அன்று முதல்தான் மீட்டர் யாரும் வராமலே, கேட்காமலே, வீட்டுச் சேதியை ஆபீசுக்கு ஓதிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எப்போது எழுந்தீர்கள், எப்போது விளக்கை அணைத்தீர்கள் என்பதும் அதில் சேர்த்தி. போதாததற்குச் சிவப்புக் கண்ணை வேறு சிமிட்டுகிறது. தன்னைப் பற்றி என்ன சொல்கிறதோ என்று பல்லி இன்னமும் அதன் பின்னால் ஒட்டுக்கேட்கிறது. சகாயமேரியோ, வெட்டியதில் மிச்சம் கிடந்த யூனிபார்ம் துண்டுகளில் ஒரு உறை தைத்து மீட்டரின் முகத்தை மூடிவிட்டாள்.