ஆடித் தள்ளுபடி வேட்டி

பூவலிங்கம் மடத்துக்கு வருகிறார் என்றால் வாசலிலேயே சிரிப்புக் கேட்கும். செக்கு எண்ணெய்க் கடைக்காரர். வாய் ஓயாத மனுஷன். அன்றைக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து, மடத்துச் சாமிக்கு எதிரே பொத்தென்று உட்கார்ந்தார்.

சாமி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பூவலிங்கத்தைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் குரு குருதான் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து காலில் விழுவார் பூவலிங்கம். சாமியும் விடாமல் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

சாமி கீரையில் பாதியை அவர் பக்கம் தள்ளினார்.

"சாமி, விசுவாசம்னா என்ன?"

"யாருகிட்ட அது இல்லாமப் போச்சு, அண்ணாச்சி?"

கேட்டதுதான் தாமதம், பூவலிங்கம் கொட்டித் தீர்த்துவிட்டார். அடுத்த தெருவில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் மாசானமுத்து அவருடைய சின்ன வயசுக் கூட்டாளி. மாசானத்தின் மகள் இசக்கியம்மாளுக்கு நாளை மறுநாள் கல்யாணம். அந்தக் கல்யாணச் சமையலுக்கு எண்ணெய் டின்கள், பூவலிங்கத்தின் கடைக்கு எதிரே புதிதாகத் திறந்த கடையிலிருந்து போயிருக்கின்றன. கல்லாவில் உட்கார்ந்தபடியே அவர் அதைப் பார்த்தார். வண்டியில் ஏற்றியவன் இவரைப் பார்த்துச் சிரித்தது வேறு.

ஏன் என்று மாசானத்திடம் கேட்டீர்களா என்றார் சாமி. கண்ணால் பார்த்த பிறகு கேட்க என்ன இருக்கிறது என்றார் பூவலிங்கம். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருவராக எதிர்க்கடைக்கு மாறியபோது அவர் அசரவில்லை. போகிறவன் போகட்டும், நமக்கு மாசானம் இருக்கிறான் என்று தைரியமாக இருந்தாராம்.

"அவனும் போயிட்டான்லா, சாமி."

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தது முழுக்க அழுகைதான்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. அவர்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பெண்ணுக்குத் தலையில் எண்ணெய் வைப்பார்கள். பெரியப்பா முறையில் முதல் எண்ணெயைப் பூவலிங்கம்தான் வைக்க வேண்டும். அவருக்குப் பிள்ளை இல்லை. இசக்கியைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா திருவிழாவாகச் சுற்றியவர். நேற்று அவளே கடைக்கு வந்து, "பெரியப்பா, எண்ணெ வைக்க வந்துருவியள்லா?" என்று கேட்டிருக்கிறாள். வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்போதிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கீழே சிந்திய கீரையைப் பொறுக்கக் குனிந்த சாமி, பூவலிங்கத்தின் வேட்டி நுனியைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"புதுசா, அண்ணாச்சி?"

வேட்டிப் பேச்சு வந்ததும் பூவலிங்கம் சோகத்தைக் கொஞ்சம் ஒத்திவைத்தார். போன மாதம் ஆடித் தள்ளுபடிக்கு டவுனில் பெரிய கடைக்குப் போனது, கூட்டத்தில் செருப்பைத் தொலைத்தது, ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று இரண்டு வேட்டியோடு ராஜா மாதிரி வெளியே வந்தது எல்லாவற்றையும் விஸ்தாரமாகச் சொன்னார். சாமி ரசித்துக் கேட்டார்.

"துணி சுமார்தான். ஓரம் நல்லா அடிச்சிருக்கு. அந்தக் கடையிலயே அடிச்சுக் குடுத்தாங்களோ?"

"அவன் எங்க அடிச்சான்? ரெண்டு துவைப்புல நூல் பிரிஞ்சு தொங்கிட்டு. கோயில்ல வச்சுப் பாத்துட்டு மாசானந்தான் கடைக்கு இழுத்துட்டுப் போயி, தையல் மிஷின்ல அவனே உக்காந்து..."

பூவலிங்கம் நிறுத்திவிட்டார்.

"எங்க எடுத்த வேட்டின்னு கேட்டாரா?"

"கேக்கல." வேட்டிக் கரையைத் தடவிக்கொண்டே, "கரை நல்லாருக்குன்னு சொன்னான்" என்றார்.

கடை நிறைய வேட்டிகளை அடுக்கி வைத்துக்கொண்டு, வேறு கடை வேட்டியின் மேல் குனிந்து மாசானம் ஓரம் அடித்த அந்தச் சாயங்காலம், இப்போதுதான் பூவலிங்கத்தின் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. உடனே போய் அவனைப் பார்க்க வேண்டும் போலவும் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு, மிச்சமிருந்த கீரையை உருவி முடித்தார்.

பிறகு எழுந்தார். மாசானம் கடையில் முன்பு எடுத்த பழைய வேட்டி ஒன்று வீட்டில் கிடக்கிறது, காலையில் அதைக் கட்டிக்கொண்டு எண்ணெய் வைக்கப் போகிறேன் என்றார். இந்தத் தள்ளுபடி வேட்டியைக் கட்டிக்கொண்டு போய் எந்த முகத்தோடு அவன் முன்னால் நிற்பது என்றார்.

சாமி வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"இதையே கட்டிட்டுப் போங்க. அவரு கடை வேட்டியில போனீங்கன்னா, வாடிக்கைக்காரரு வந்திருக்காருன்னு பந்தியில இலை போட்டு உக்கார வச்சிருவாங்க. உங்களுக்கு அங்க உக்கார ஏது நேரம், அண்ணாச்சி? சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரும்போது வாசல்ல மாசானத்துக்குப் பக்கத்துல நிக்க வேண்டாமா?"