நாச்சாளின் எருமை மலை

மலைகளை விலைக்கு வாங்கலாம் என்று மனிதர்கள் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில், ஒரே ஒரு மலையும் ஒரே ஒரு ஓடையும் உள்ள சின்ன ராஜ்யத்தில் நாச்சாள் என்று ஒருத்தி இருந்தாள். சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பது அவள் வேலை. மலையை வரைவது அவள் பழக்கம்.

வரைய யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. ராஜாவின் யானைக் கொட்டாரத்துப் பின்சுவர் மலையைப் பார்த்து நின்றது. தை பிறந்ததும் அந்தச் சுவரில் அடுப்புக்கரியும் காவிமண்ணும் அவுரிச் சாறும் கொண்டு மலையை வரையத் தொடங்குவாள். வருடம் முழுவதும் திருத்துவாள். மார்கழிக் கடைசியில் ஊர்ச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடிக்கும்போது தன் படத்தின் மேலும் தானே வெள்ளையடிப்பாள். பிறகு மறுபடி வரைவாள். தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் மலை சரியாக வரவில்லை. வலது பக்கம் எப்போதும் சரிந்து, படுத்த எருமை மாதிரி முதுகு கூனிப்போகும்.

யானைப்பாகன் செம்பன் அந்த வழியாகத்தான் போவான்.

"என்ன நாச்சா, எருமை நல்லாத் தூங்குதா?"

"தூங்குது. நீ சத்தம் போடாமப் போ."

நாச்சாளுக்குப் பவளாயி என்று ஒரு தங்கை. மலைப்பாறையில் கயிறு கட்டி இறங்கித் தேன் எடுப்பவள். அவளைத் தவிர நாச்சாளுக்கு யாரும் இல்லை.

ஒரு சித்திரை மாதம், தோளில் பாயோடு ஒரு மந்திரவாதி வந்தான். சுவரையும் மலையையும் மாறிமாறிப் பார்த்தான். மடியிலிருந்து ஒரு தூரிகையை எடுத்தான்.

"இதால வரைஞ்சு பாரு. உள்ளது உள்ளபடி வரும்."

"நீயே வரையலாமே?"

"என் கைக்கு வராது. இந்த மலையையே பாத்துப் பாத்துப் பழகின கை வேணும்."

நாச்சாள் தூரிகையை வாங்கிக்கொண்டாள். எருமையின் மேல் முழுக்க வெள்ளையடித்துக் காயவிட்டாள்.

முதல் நாள் ஓடையை வரைந்தாள். தண்ணீர் சுவரில் நெளிந்தது. ஊருக்குள் ஓடை நின்றுபோனது. குடங்களோடு போன பெண்கள் குடங்களோடு திரும்பினார்கள்.

இரண்டாம் நாள் காட்டை வரைந்தாள். இலைகள் சுவரில் அசைந்தன. நாச்சாள் திரும்பி மலையைப் பார்த்தாள். அது மொட்டையாக இருந்தது. சுவரைப் பார்த்தாள். காடு சரியாக வந்திருந்தது. அதன் பிறகு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"என்ன நாச்சா, எருமை..." என்று தொடங்கிய செம்பன் படத்தைக் கண்டு வாயை மூடிக்கொண்டான். அவன் பேசாமல் போனது அவளுக்குப் பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் காலையில் பாறையையும் முகட்டையும் வரைந்தாள். வலது பக்கம் சரியவில்லை. கடைசிக் கோட்டை இழுத்து முடித்தபோது முதுகுப் பக்கம் வெளிச்சம் கூடியது. திரும்பினாள். மலை இருந்த இடத்தில் வானம் மட்டும் இருந்தது.

"அக்கா," என்று சுவர் கூப்பிட்டது.

படத்தின் பாறையில், எறும்பு அளவில், அவள் வரையாத ஓர் உருவம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"பவளா, நீ எப்படி அங்கே?"

"தேன் எடுக்க வந்தேன். என்னக்கா இது, காத்தையே காணோம்?"

மந்திரவாதி வந்து பாயை விரித்தான். மலையில்லாத நாடுகளில் மலை விற்பது அவன் தொழில். வெயில் சாய்ந்ததும் சுவரின் தோலை உரித்துச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான்.

"என் தங்கச்சியை விட்டுடு."

"வாங்குறவங்க ஆளில்லாத மலையை விரும்ப மாட்டாங்க."

நாச்சாள் தண்ணீர் ஊற்றினாள். படம் கரையவில்லை. மண்வெட்டியால் சுரண்டினாள். மண்வெட்டிதான் மழுங்கியது.

"வீண் வேலை. படம் கண்ணுக்குத் தெரியிற வரைக்கும் மலை என்னோடது," என்று சொல்லிவிட்டு மந்திரவாதி கட்டுச்சோற்றை அவிழ்த்தான்.

நாச்சாள் படத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் கை சரியாகச் செய்த ஒரே காரியம் அது. போய்ச் சுண்ணாம்புப் பானையை எடுத்துவந்தாள். தாழைவிழுதை நசுக்கிக் கட்டிய பழைய மட்டையை நனைத்தாள். மேலிருந்து கீழாக ஒருமுறை அடித்தாள்.

மந்திரவாதி எட்டிப் பார்த்தான். ஈரத்துக்குள் மலை பளிச்சென்று தெரிந்தது. அவன் சிரித்தான்.

இரண்டாம் முறை அடித்தாள். மலை தெரிந்தது. அவன் சிரித்தான்.

"அக்கா, கண்ணுல சுண்ணாம்பு படுது."

"கண்ணை மூடிக்கோடி. கயித்தை விட்டுடாதே."

மூன்றாம் முறை அடித்தாள். மலை அப்போதும் தெரிந்தது. அவன் சிரிக்கக்கூட இல்லை. ஊறுகாயைத் தேடிக்கொண்டிருந்தான்.

கேட்பவர்களில் வெள்ளையடித்தவர்கள் இருந்தால் இதற்குள் புரிந்திருக்கும். சுண்ணாம்பு அடிக்கும்போது வெளுக்காது. காயும்போதுதான் வெளுக்கும். மந்திரவாதி நாடு நாடாகப் போனாலும் குடியிருந்தது குகைகளில்தான். சுவர் வெளுப்பதை அவன் பார்த்ததில்லை.

சித்திரை வெயில் காய்ந்தது. முதலில் முகடு வெளுத்தது. பிறகு காடு. பிறகு ஓடை. அவன் நிமிர்ந்தபோது ஒரு பாறையும் அதில் தொங்கும் உருவமும் மட்டும் மிச்சம் இருந்தன. பாய்ந்து வந்து கையால் தடவினான். கையில் வெள்ளை ஒட்டியது. அதற்குள் பாறையும் வெளுத்துவிட்டது.

தூரத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

மந்திரவாதி சுவரின் தோலை அப்படியும் உரித்தான். வெறும் வெள்ளையைச் சுருட்டிக்கொண்டு, தூரிகையைக்கூடக் கேட்காமல் போனான். அதைப் பிறகு ஏதோ ஒரு நாட்டில் பனிமூட்டம் என்று சொல்லி விற்றானாம். நாச்சாள் தூரிகையைத் தண்ணீர் பட்டுக் கொதிக்கும் சுண்ணாம்பில் போட்டு அழித்தாள்.

பொழுது சாய்வதற்குள் பவளாயி தேன்குடுக்கையோடு வந்தாள். புருவமெல்லாம் வெள்ளையாக இருந்தது. நாச்சாள் அவளை உட்காரவைத்து முகத்தைக் கழுவிவிட்டாள்.

"எல்லாத்தையும் பாத்துட்டுத்தான் வரைஞ்சேன் பவளா. மலை மொட்டையானதையும் பாத்தேன்."

"தெரியும். முதல்ல தேனைச் சாப்பிடு," என்றாள் பவளாயி.

அப்போதுதான் செம்பன் யானையோடு வந்தான். மந்திரவாதி உரித்த இடத்தில் அடியிலிருந்த பழைய படம் வெளியே தெரிந்தது. வலது பக்கம் சரிந்த, கூனிப்போன, அதே படம்.

"என்ன நாச்சா, எருமை நல்லாத் தூங்..."

நிறுத்தினான். சுவரைப் பார்த்தான். மலையைப் பார்த்தான். மறுபடி சுவரைப் பார்த்தான்.

மலை சுவரிலிருந்து எந்த வழியாக வெளியே போனது என்று யாரும் பார்க்கவில்லை. சுவருக்குள் வருடா வருடம் வரைந்த மலைகள் அடுக்கடுக்காக இருந்தன. அவற்றின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். வெளியே நின்ற மலையின் வலது பக்கமும் இப்போது சரிந்திருந்தது. முதுகு கூனியிருந்தது. காடும் ஓடையும் தேன்பாறையும் அதனதன் இடத்தில் இருந்தன.

"அப்படியே வரைஞ்சிருக்கியே," என்றான் செம்பன்.

நாச்சாள் இரண்டையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு துண்டு அடுப்புக்கரியை எடுத்து, அந்தப் பழைய படத்தில் இல்லாத தேன்பாறையை வரையத் தொடங்கினாள்.

அந்த மலை இப்போதும் சரிந்தபடிதான் இருக்கிறது. அதை விலைக்குக் கேட்டு யாரும் வரவில்லை.