ஊரையே கூப்பிட்ட பொறந்தநாள்

ஒரு ஊர்ல ஒரு காத்து இருந்துச்சு மக்ளே. ஆமா, ராசா இல்ல, ராணி இல்ல, காத்துதான். ரெண்டு மலைக்கு நடுவுல புகுந்து வரும். உஸ்ஸ்ஸ்... ஒய்ய்ய்ங்... கொடியில துணியக் காயப்போட்டா, சாயங்காலம் அடுத்த தெருவுல போய்த்தான் பொறுக்கணும். அந்தக் காத்த நம்பி மலையடிவாரம் பூரா பெரிய பெரிய காத்தாடியா நட்டு வச்சிருந்தாங்க, கரண்ட் எடுக்க. கேக்குறியா? ம் சொல்லு, அப்பதான் மேல சொல்லுவேன்.

ம்.

அந்தக் காத்தாடில ரிப்பேர் பாக்குற வேலைக்கு, சேலத்துப் பக்கமிருந்து மாரப்பன்னு ஒருத்தன் வந்தான். அவன் பொண்டாட்டி பேரு பாவாயி. ஒரே மக, மரிக்கொழுந்து, மூணாங்கிளாஸ். வந்து எட்டு மாசம் ஆச்சு, பாவாயிக்கு அந்த ஊர்ல பேச ஒரு ஆளு கெடையாது. குழாயடிக்குப் போனா எல்லாரும் பேச்ச நிறுத்திருவாங்க. கடைக்குப் போனா "என்ன வேணும்?" அவ்வளவுதான். அவ பேசுறதே வேற தினுசா இருக்குன்னு பொம்பளைங்க வாயப் பொத்திச் சிரிப்பாங்க. சரி, நமக்கு எதுக்குன்னு பாவாயி வீட்டுக்குள்ளயே இருந்துக்கிட்டா.

ஆனா அந்த மரிக்கொழுந்து இருக்காளே, அவ வாய மூடவே மாட்டா. ஒரு நாள் பள்ளிக்கூடத்துல காலை பிரேயர்ல அவதான் செய்தி வாசிக்கணும். மைக்கத் தட்டிப் பாத்தா, டொக் டொக். செய்தியெல்லாம் வாசிச்சு முடிச்சா. முடிச்சுட்டுப் போக வேண்டியதுதானே? போகல.

"வர்ற ஞாயித்துக்கிழமை என் பொறந்தநாள். எல்லாரும் சாப்பிட வாங்க. அம்மா அப்பாவையும் கூட்டிட்டு வாங்க!"ன்னுட்டா.

அந்தப் பள்ளிக்கூடத்துல எத்தன பிள்ளைங்க தெரியுமா? முந்நூறு! சடசடசடன்னு ஒரே கைதட்டு.

அப்புறம் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னா. பாவாயி கையிலருந்த கரண்டி ணங்குன்னு விழுந்துச்சு.

"அடியேய், முந்நூறு பேரையா கூப்ட்ட?"

"முந்நூறு இல்லம்மா. அவங்க அம்மா அப்பாவையும் சேத்து."

பாவாயிக்கு அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். மாரப்பன் தலையச் சொறிஞ்சான். "கேக்குன்னு பாத்தாலே ஒரு வண்டி வேணும் போலிருக்கே"ன்னான்.

சரின்னு பாவாயி முதல்ல தாணு அண்ணாச்சி வீட்டுக்குப் போனா. அவருதான் அந்த ஊருல கல்யாணம் காதுகுத்துக்கெல்லாம் சமையல் கான்ட்ராக்ட் எடுக்குறவரு. பெரிய மீச. ஊஞ்சல்ல கிரீச் கிரீச்னு ஆடிக்கிட்டே கேட்டாரு.

"என்ன போடணும்? பிரியாணியா, சைவச் சாப்பாடா?"

"கம்மியா ஆகுறாப்ல எதுன்னாலும் சரிங்ணா."

அண்ணாச்சி ஒரு இலைக்கு இவ்வளவுன்னு சொன்னாரு. அவரு சொன்ன கணக்குக்கு மாரப்பன் ஒரு வருசம் காத்தாடியில ஏறி எறங்கணும். பாவாயி மொகம் சுண்டிப் போச்சு. அதப் பாத்துட்டு அண்ணாச்சி, "கையில இல்லாதவங்க ஊரக் கூப்பிடப்படாது பிள்ள. ஆளுக்கொரு மிட்டாயக் குடுத்து அனுப்பிரு"ன்னு சொல்லிட்டு மறுபடி ஆட ஆரம்பிச்சாரு. கிரீச் கிரீச்.

அப்போ அவ என்ன செஞ்சா? மறுநாள் பள்ளிக்கூட வாசல்ல போய் நின்னா. வர்ற பிள்ளைங்ககிட்டயெல்லாம், பொறந்தநாள் இல்லப்பா, பாப்பா தெரியாம சொல்லிட்டான்னு சொல்லிரலாம்னு. முதல்ல ஒரு சின்ன வாண்டு வந்துச்சு, முன்பல்லு ரெண்டும் இல்ல. இவளப் பாத்ததும் ஓடி வந்து, "மரிக்கொழுந்து அம்மாதானே? நான் ஞாயித்துக்கிழமைக்குப் புதுச்சட்ட எடுத்து வச்சிருக்கேன். எங்கம்மாவும் பொடவ எடுத்து வச்சிருக்கு"ன்னுச்சு.

பாவாயி வாயத் தொறந்தா. "சீக்கிரம் வந்துரு சாமி"ன்னு சொல்லி அது தலையத் தடவிட்டா. அவ்வளவுதான், முடிவாயிருச்சு.

தூங்கிட்டியா மக்ளே?

ம்ஹூம்.

அப்போ கேளு. பாவாயி நேரா சந்தைக்குப் போனா. அங்க ஞானப்பூன்னு ஒரு அக்கா, மல மாதிரி கெழங்கக் குவிச்சு வச்சு உக்காந்திருந்தா. பாவாயி அவ பக்கத்துல போய்க் கேட்டா:

"அக்கா, உங்க ஊர்ல எதுக்கா ரொம்ப மலிவு?"

ஞானப்பூ வெத்தலைய அதக்கிக்கிட்டு யோசிச்சா. "இங்க கொட்டிக் கெடக்குறது மூணுதான் பிள்ள. காத்து, மரச்சீனி, பனையோல. காத்துக்கு வெலையே கெடையாது. வேணும்ங்கற அளவுக்கு அள்ளிக்க."

"மரச்சீனின்னா?"

"இந்தா, இதுதான்."

பாவாயி ஒரு கெழங்கக் கையில எடுத்தா. தோல நகத்தால கீறிப் பாத்தா. மொகமெல்லாம் பல்லு! "அட, இது எங்கூரு குச்சிக்கெழங்கு! இத வச்சு நான் ஊருக்கே ஆக்குவேன்க்கா!"

அப்புறம் ரெண்டு பேரும் குந்தி உக்காந்து பேசுனாங்க பாரு, சந்தை கலையுற வரைக்கும். கெழங்க வேக வச்சு, தேங்கா, பச்சமொளகா, சீரகம் அரைச்சு விட்டு மசிக்கிறது. கூட சிறுபயறு போட்ட கஞ்சி. சரி, கேக்குக்கு என்ன பண்றது? ஞானப்பூ சொன்னா, "கேக்கு எதுக்கு? ஓலைக் கொழுக்கட்ட அவிப்போம். பச்சரிசி மாவு, கருப்பட்டி, தேங்கா, சுக்கு. குருத்தோலைக்குள்ள வச்சுக் கட்டி ஆவியில வேக வச்சா, மணம் ஏழு தெருவுக்குப் போவும். ஓலைக்கு ஏசுவடியான் தாத்தா இருக்காரு, பனையேறி. நான் சொல்லுதேன்."

ஞாயித்துக்கிழமையும் வந்துச்சு. பள்ளிக்கூட மைதானத்த பெரிய டீச்சர் தொறந்து விட்டாங்க. வெள்ளனயே பாவாயி அங்க போயி கல்லக் கூட்டி, அண்டாவ ஏத்தி, தீய மூட்டுனா. பக்குன்னு பிடிச்சுது. அப்போ மலையிலருந்து உஸ்ஸ்ஸ்... புஸ்! அணைஞ்சு போச்சு. மறுபடி மூட்டுனா. உஸ்ஸ்ஸ்... புஸ்! மூணாவது தடவையும் அதேதான். தகரத்த வச்சு மறைச்சா, தகரம் டமடமடமன்னு உருண்டு ஓடுது, மாரப்பன் பின்னாலயே ஓடுறான்.

பாவாயி இடுப்புல கைய வச்சு அந்தக் காத்தப் பாத்து மொறைச்சா. அப்புறம் மம்பட்டிய எடுத்து மாரப்பன் கையில குடுத்தா.

"இந்தக் காத்தத் தடுத்தா அது கேக்காது. உள்ள விடு. நீளமா ஒரு குழி வெட்டு, வாய் மலைப்பக்கம் பாத்து இருக்கட்டும்."

மாரப்பன் சரக் சரக்னு வெட்டுனான். குழி மேல வரிசையா அஞ்சு அண்டா. குழிக்குள்ள விறகு. காத்து வாய் வழியா புகுந்து... குபுகுபுகுபுன்னு தீய ஊதுது! ஊதாங்குழலும் வேண்டாம், ஆளும் வேண்டாம். அஞ்சு அண்டாவும் ஒண்ணா தளபுள தளபுளன்னு கொதிக்குது. ஞானப்பூ கன்னத்துல கைய வச்சுக்கிட்டா. "பாவாயி, காத்தையே சம்பளமில்லாம வேலைக்கு வச்சுட்டியே!"

ம் சொல்லு.

ம்...

அப்புறம் பிள்ளைங்க வந்தாங்க. புதுச்சட்ட, எண்ண தேச்ச தல, கையில ஆளுக்கொரு பூ. வரிசையா உக்காத்தி வாழை இல போட்டாங்க. போட்டதுதான் தாமசம், உஸ்ஸ்ஸ்னு காத்து வந்துச்சு. படபடபடன்னு இலையெல்லாம் எந்திரிச்சுப் பறக்குது, பச்சப் பட்டம் மாதிரி! ஒண்ணு போய் ஒரு வாத்தியார் மொகத்துல சப்புன்னு ஒட்டிக்கிச்சு. பிள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்குது. மைதானத்து ஓரமா வேப்பமரத்துக்கடியில தாணு அண்ணாச்சி கையக் கட்டிக்கிட்டு நின்னாரு. அவரும் வேடிக்க பாக்க வந்துருக்காரு. மீசைக்குள்ள ஒரு சிரிப்பு. பாவாயி அதப் பாத்துட்டா. காதெல்லாம் சூடாகிப் போச்சு அவளுக்கு.

அப்போ இன்னொரு ஓலைக்கட்டத் தலையில வச்சிட்டு ஏசுவடியான் தாத்தா வந்தாரு. அவருக்கு முதுகு வளைஞ்சு போயிருந்தாலும் கை மட்டும் இரும்பு. ஒரு ஓலைய எடுத்தாரு, விரிச்சாரு, மடக்கி ஒரு முடிச்சுப் போட்டாரு, படகு மாதிரி ஒரு பட்டை. "இதக் கையில பிடிச்சுத் தின்னா எந்தக் காத்து தூக்கும்?"னாரு.

"பட்டை மடக்க யாருக்கெல்லாம் தெரியும்?"னு பாவாயி கேட்டா. முந்நூறு பிள்ளைங்களும் "எனக்கு! எனக்கு!"ன்னு எந்திரிச்சாங்க. அந்த ஊருப் பிள்ளைங்க இல்லியா! சரட் சரட்னு அவங்கவங்க பட்டைய அவங்கவங்களே மடக்கிட்டு வரிசைல நின்னாங்க. தட்டுக்கும் செலவில்ல, கழுவுற வேலையுமில்ல.

இனி ஒண்ணும் வராதுன்னு நெனச்சா. ஆனா மூணாவது சோதன அப்பதான் வந்துச்சு மக்ளே, பெரிய சோதன. கருப்பட்டி மணமும் தாளிச்ச கறிவேப்பில மணமும் சேந்து மேல கெளம்புச்சா? அத அந்தக் காத்து அப்படியே அள்ளிக்கிட்டுப் போயி, கெழக்க இருக்குற மூணு ஊருக்கும் குடுத்துருச்சு. அங்க இருக்குறவங்க மூக்க விடைச்சு, "எங்கய்யா விசேசம்?"னு கேட்டுக் கேட்டு வர ஆரம்பிச்சாங்க. சைக்கிள்ல வர்றாங்க, நடந்து வர்றாங்க, ஒரு டிராக்டர் நெறைய வர்றாங்க, டுபுடுபுடுபுன்னு.

பாவாயி அண்டாக்குள்ள எட்டிப் பாத்தா. பாதிக்குக் கீழ போயிருச்சு. கொழுக்கட்டயும் பிள்ளைங்களுக்கு மட்டும்தான் பத்தும். வாசல்ல நிக்குற சனத்தப் பாத்தா. மாரப்பன் மெதுவா, "வாசக் கேட்டச் சாத்திரலாமா?"ன்னு கேட்டான்.

எட்டு மாசமா வீட்டுக்குள்ளயே கெடந்தவ, பள்ளிக்கூட மைக்க எடுத்தா. டொக் டொக்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் மரிக்கொழுந்து அம்மா. ஆக்குனது பத்தலீங்க. கெழங்கு இருக்கு, தேங்கா இருக்கு, தீ இருக்கு. கைதான் கம்மி. வந்தவங்க யாரும் பசியோட போகக் கூடாது. கெழங்கு சீவத் தெரிஞ்சவங்க கொஞ்சம் வருவீங்களா?"

எல்லாரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கிட்டாங்க.

அப்புறம்... குழாயடியில பேச்ச நிறுத்துவாங்கன்னு சொன்னேனே, அந்தப் பொம்பளைங்கள்ல ஒருத்தி எந்திரிச்சா. புதுப்பொடவைய இழுத்துச் சொருகுனா. "கெழங்கு சீவத் தெரியாமலா நாங்க இந்த ஊருல பொறந்தோம்? எடு பிள்ள கத்திய!" பின்னாலயே பத்துப் பேரு, அப்புறம் நாப்பது பேரு. சரக் சரக் சரக்! தோலு பறக்குது. ஆம்பளைங்க தேங்கா ஒடைக்குறாங்க, டப் டப் டப்! டிராக்டர்ல வந்தவங்க திரும்பிப் போயி ரெண்டு மூட்ட கெழங்கோட வர்றாங்க.

அப்போ தாணு அண்ணாச்சி என்ன செஞ்சாரு? கொஞ்ச நேரம் பாத்தாரு. கட்டியிருந்த கைய அவுத்தாரு. சட்டையக் கழத்தி வேப்பமரத்துல மாட்டிட்டு வந்து, பெரிய கரண்டியப் பிடிச்சாரு.

"தள்ளு பிள்ள, அடி பிடிக்குது. இவ்வளவு பெரிய அண்டாவ நீ ஒருத்தியா கிண்டுவ?"

"கூலி எவ்வளவுங்ணா?"ன்னு கேட்டா பாவாயி.

அண்ணாச்சி மீச துடிச்சுது. அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சாரு. "ஒரு பட்டை கஞ்சி போதும்"னாரு.

எத்தன பேரு சாப்பிட்டாங்கன்னு யாரும் எண்ணல மக்ளே. கேட்டவங்களுக்கெல்லாம் ரெண்டாந்தரமும் ஊத்துனாங்க. சர்ர் சர்ர்னு கஞ்சி குடிக்கிற சத்தம் மைதானம் முழுக்க.

வயிறு நெறஞ்சதும் கொழுக்கட்ட வந்துச்சு. மரிக்கொழுந்து நடுவுல நின்னு, "ஒண்ணு... ரெண்டு... மூணு!"ன்னா. முந்நூறு பிள்ளைங்களும் ஒரே நேரத்துல ஓலையப் பிரிச்சாங்க. சரசரசரசர! முந்நூறு ஆவி ஒண்ணா மேல கெளம்புச்சு. எந்த ராசா வீட்டுப் பிள்ளையும் அப்படி ஒரு பொறந்தநாளக் கண்டதில்ல.

ஏசுவடியான் தாத்தா மட்டும் ஒதுங்கி நின்னு பாத்துட்டே இருந்தாரு. மரிக்கொழுந்து ஓடிப் போயி, தன்னோடதுல பாதியப் பிச்சுக் குடுத்தா.

"தாத்தா, உங்களுக்கு எப்ப பொறந்தநாளு?"

"எனக்கா? ஆருக்குத் தெரியும் பிள்ள? எவனும் எழுதி வைக்கல. ஒரு நாளும் கொண்டாடுனதில்ல."

அவ விடுவாளா? நேரா மைக்குக்கு ஓடுனா. "தாத்தாவுக்குப் பொறந்தநாளே இல்லியாம்! இது மாதிரி ஒரு தடவ கூட கொண்டாடாதவங்க கையத் தூக்குங்க!"

முதல்ல தாத்தா தூக்குனாரு, கூச்சத்தோட. அப்புறம் ஞானப்பூ. அப்புறம் கெழங்கு சீவுன பொம்பளைங்க, ஒவ்வொருத்தரா. டிராக்டர்காரங்க. தாணு அண்ணாச்சி அங்கயும் இங்கயும் பாத்துட்டு, கரண்டி பிடிச்ச கையையே தூக்கிட்டாரு. மைதானம் பூரா கை, கை, கை. பாவாயி அதப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே நின்னா. பக்கத்துல மாரப்பன் அவ தோளத் தொட்டு மேல காட்டுனான். பாத்தா, அவ கையும் மேலதான் இருக்கு. எப்ப தூக்குனான்னு அவளுக்கே தெரியல.

"அப்போ இன்னைக்கு எல்லாருக்கும் பொறந்தநாளு!"ன்னு கத்துனா மரிக்கொழுந்து.

ஹோய்ய்னு ஒரு சத்தம் கெளம்புச்சு பாரு! கைதட்டு, சீழ்க்க, தகரத்துல தாளம். மலை ரெண்டும் அத வாங்கி வாங்கித் திருப்பிக் குடுத்துச்சு. பாவாயி அந்தச் சத்தத்துக்கு நடுவுல, கண்ணுல தண்ணி வழிய வழிய, மகளத் தூக்கித் தோள்ல வச்சுக்கிட்டு மைதானத்தச் சுத்தி வந்தா. ஊரே பின்னால போச்சு.

என்ன, ம் காணோம்? கண்ணு சொருகுதா? சரி மக்ளே, அவங்க சுத்தி வந்துட்டுப் போகட்டும். கத தீந்து போச்சு, நீ கண்ண மூடு.