கடைசித் தவணை எப்போது?

ராஜபாளையத்தில் தையல்கடை வைத்திருந்த செல்லக்கனி, புது மெஷின் வாங்க லோன் கேட்டபோது வங்கி கையை விரித்துவிட்டது. பதினாலு வருஷத்துப் பழைய கடனின் மிச்சத்தை, அவள் போன வருஷம்தான் கட்டத் தவறியதாக ஒரு நிதி நிறுவனம் சிபில் கடன் பதிவேட்டில் ஏற்றியிருந்தது.

அதன் வசூல் அதிகாரி தங்கதுரை மிடுக்காகக் கடைக்கே வந்தார். "கடனை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடும்மா. இல்லேன்னா இந்த ஜென்மத்துல உனக்கு லோன் கிடையாது!"

செல்லக்கனி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பணிவாகக் கேட்டாள். "நான் கடைசியா எப்போ கட்டினேன்னு முதல்ல எழுதிக் கொடுங்க சார். மறந்துபோச்சு."

இவளுக்கு என்ன தெரியப்போகிறது என்று அவரும் 'கடைசித் தவணை 2010' என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வைத்து நீட்டினார். அவள் அதை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு பழைய கடனுக்குக் கேஸ் போட முடியாதாமே? நான் கையெழுத்துப் போட்டாத்தான் அதுக்கு மறுபடி உயிர் வருமாம். என்கிட்ட ரவிக்கை தைக்கிற வக்கீலம்மா சொன்னாங்க. போயிட்டு வாங்க சார்."

அந்தத் தாளை வைத்து அவள் புகார் கொடுக்க, பாக்கி போன வருஷத்தது இல்லை என்று அடுத்த மாதம் சிபில் பதிவு திருத்தப்பட்டது. லோன் பேப்பரை நீட்டிய வங்கி மேனேஜர், "இவ்வளவு பக்காவான ஆதாரம் எப்படிம்மா கிடைச்சுது?" என்று கேட்டார்.

"வசூலுக்கு வந்தவரே கைப்பட எழுதிக் கொடுத்துட்டுப் போனார் சார்" என்றாள் செல்லக்கனி.