சிப்பிப்பாறை நாயும் பிறர் கைச் சோறும்

நாயும் மனுஷனும் ஒரே பேச்சைப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்போது சிப்பிப்பாறை நாயைப் போல ஒரு வாயாடி கரிசல் காட்டில் கிடையாது. முயலைக்கூடச் சும்மா விரட்டாது. "இந்தா வாரேன், முடிஞ்சா ஓடிப் பாரு" என்று சொல்லிவிட்டுத்தான் விரட்டும். சொல்லிவிட்டு விரட்டியும் பிடித்துவிடும். அப்படியொரு கால்.

பொம்மையா என்ற வேட்டைக்காரன் செவலை என்றொரு சிப்பிப்பாறைப் பெட்டை நாயை வளர்த்தான். அது அவனை அண்ணே என்றும், அவன் பெண்டாட்டி இருளாயியை மதினி என்றும் கூப்பிடும். மூவருக்கும் ஒரே சட்டிச் சோறு. "என் பங்குல பாதிய உன் நாத்தனா தின்னுட்டா" என்று பொம்மையா பெண்டாட்டியிடம் குறை சொன்னால், "ஓடுறது நான், வேடிக்க பாக்குறது நீ. யாருக்குண்ணே பசிக்கும்?" என்று செவலை கேட்கும்.

மழை பொய்த்தது. முயலும் அற்றுப்போயிற்று. பிள்ளை பெற்றிருந்த இருளாயிக்கு மாரில் பால் ஊறவில்லை. பொம்மையா வேறு வழியில்லாமல் அரண்மனைக் காவல்காட்டில் நுழைந்தான். செவலை ஒரு மானை மடக்கியது, அவன் வேல்கம்பால் குத்தினான். அரண்மனை மானைத் தொட்டவன் தலை தங்காது. விஷயம் கசிந்ததும் அவன் காட்டுக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டான். வீட்டில் இருந்த இறைச்சியையும் காவல்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

"எவன் கேட்டாலும் அண்ணன் இருக்க எடத்தச் சொல்லிராத தாயி" என்றாள் இருளாயி.

"நான் என்ன பச்சப்பிள்ளையா மதினி? நாக்க அறுத்தாலும் சொல்ல மாட்டேன்."

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிழங்கு தோண்டப் போனதும், அரண்மனைக் காவல்காரன் திருமேனி வந்தான். கையில் அரிவாள் இல்லை. ஒரு கலயம் நிறைய நெல்லுச்சோறும் கறிக்குழம்பும் இருந்தன.

"பொம்மையா எங்கே?"

"தெரியாது."

"கிழக்கேயா, மேற்கேயா?"

"நீ கேட்டுக்கிட்டே இரு. நான் தெரியாதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன்."

திருமேனி சிரித்தான். "கேக்குறது என் வேல, கேட்டாச்சு. நீ சாப்பிடு."

பட்டினியில் ஒட்டிய வயிறு. வயிற்றுக்குள் குட்டிகள் வேறு. செவலை தின்றது. அவன் பக்கத்தில் குந்தி அதன் முதுகைத் தடவிக்கொடுத்தான். உறவுக்காரன் விசாரிப்பதுபோல மெல்லக் கேட்டான்.

"அண்ணன் சாப்பிட்டாச்சா?"

யாரைப் பார்த்தாலும் எல்லாரும் கேட்பதுதான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? செவலை கலயத்திலிருந்து வாயை எடுத்தது.

"எங்க சாப்பிட்டாரு? ஓடத் தண்ணியக் குடிச்சுக்கிட்டுக் கிடக்காரு."

அந்த வறட்சியில் தண்ணீர் இருந்த ஓடை ஒன்றே ஒன்றுதான்.

திருமேனி எழுந்து வேட்டியைத் தட்டினான். "மிச்சத்தையும் தின்னு தாயி" என்று சொல்லிவிட்டு, மறைவில் நிறுத்தியிருந்த அரண்மனைக் குதிரைக்காரர்களைக் கூப்பிட்டான்.

செவலைக்கு அப்போதுதான் புரிந்தது. ஓடியது. குதிரைகளுக்கு முன்னால் ஓடியது. ஓடைக்கரை தெரிந்ததும், "அண்ணே! அண்ணே!" என்று கத்தியது. அடுத்த வார்த்தைக்கு மூச்சு வரவில்லை. பழகிய குரலைக் கேட்டுப் பொம்மையா உடைமரப் புதரிலிருந்து எழுந்து நின்றான்.

"என்ன செவலை, சோறு கொண்டாந்தியா?"

செவலைக்குப் பின்னாலிருந்து வந்த ஈட்டி அவன் நெஞ்சில் இறங்கியது.

இருளாயி வந்து பார்த்தாள். அழவில்லை. செவலையிடம், "என்ன சொன்ன?" என்று மட்டும் கேட்டாள்.

"சாப்பிடலன்னு சொன்னேன் மதினி."

அதற்குப் பிறகு அது பேசவில்லை. தின்றதையெல்லாம் கக்கியது. அந்த ஓடைக்கரையிலேயே குட்டி போட்டது. வழிப்போக்கர்கள் வைத்த கஞ்சியை முகர்ந்தும் பார்க்கவில்லை. குட்டிகள் கண் திறந்ததும், இருளாயி அவற்றை மட்டும் எடுத்துப்போய்த் தன் கையால் ஊட்டினாள். தாயைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் குட்டிகள் கடைசியாகப் பார்த்தது, தாயின் தோலுக்கு வெளியே துருத்திய விலா எலும்புகளையும் இறுக மூடிய ஒரு வாயையும்தான்.

அன்றைக்குத் தொடங்கியதுதான். சிப்பிப்பாறை நாய் சத்தமில்லாமல் விரட்டும். எவ்வளவு போட்டாலும் அதன் விலா மறையாது. வளர்த்தவன் இறந்துபோனால், இன்னொருவன் வைக்கும் சோற்றைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, திருப்பியபடியே செத்துப்போகும். அந்த இனத்தில் இன்றைக்கு எண்ணிச் சிலவே மிஞ்சியிருப்பதும் அதனால்தான்.