காவலர் வைத்த தீ

காவலர்களே வீட்டுக்குத் தீ வைத்தார்கள். வீடு கெட்டது அப்படித்தான்.

வீடு என்றது பொன்னுலிங்கத்தின் உடம்பை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார் அவர். ஒருநாள் அவருடைய வலது முழங்கையில் தோல் நோய் என்னும் தீ பிடித்தது. தோல் சிவந்து தடித்தது. கத்திரியைத் தூக்கினால் வெள்ளைச் செதில் வாடிக்கையாளர் தோளில் கொட்டியது.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இது ஒட்டுமா?"

"ஒட்டாதுப்பா. டாக்டரே சொல்லிட்டாரு."

"சரிண்ணே, அப்புறம் வாரேன்." பாதிச் சவரத்தோடு எழுந்து போனவன் வரவே இல்லை. மற்றவர்களும் வருவதை நிறுத்தினார்கள். கடை போனால் பொன்னுலிங்கத்துக்கு வேறு பிழைப்பு கிடையாது. முழங்கைக்குப் பொறுக்கவில்லை.

களிம்பு வந்தது. "மேலே நான் அணைக்கிறேன். உள்ளே யாரோ ஊதிவிடுறாங்களே!" என்று அலுத்துக்கொண்டது.

ரத்தத்தில் ரோந்து சுற்றும் காவலர்களான வெள்ளை அணுக்களை மறித்தது முழங்கை. "ஏய்யா, காக்க வேண்டியவங்களே கொளுத்தலாமா?"

"நாங்க என்ன செய்ய? புரோட்டாக் கடையிலேருந்து வர்ற கொழுப்பு, 'தோலுக்குள்ள திருடன்'னு தினமும் கத்துது. கத்தினா ஓடி வர்றதுதானே எங்க வேலை?"

முழங்கை தொப்பையின் மேல் பாய்ந்தது. "எல்லாம் உன்னாலதான்!"

"எது நடந்தாலும் என் தலையிலயா? நான் வெறும் கிடங்கு. வாசல்ல நிக்கிறவளைக் கேளு."

வாசலில் நாக்கு. வெட்கமே இல்லை அதற்கு. "ஆமா, டால்டாப் புரோட்டா பிடிக்கும், ஆட்டுக் கொழுப்பு பிடிக்கும். அதுக்கென்ன? எனக்குக் கை இருக்கா? தட்டிலேருந்து தூக்கி ஊட்டுறது யாராம்?"

முழங்கை தன்னையே பார்த்துக்கொண்டது. ஊட்டுவதற்கு மடங்குவது அதுதான்.

அன்று சாயங்காலம் புரோட்டா இலையில் விழுந்தது. பொன்னுலிங்கம் பிய்த்தார். முழங்கை மடங்காமல் கை பாதியில் நின்றது.

"தூக்குடா, ஆறுது!" என்றது நாக்கு.

"மாட்டேன்."

"பட்டினி கிடப்பியா?"

"இட்லி வரட்டும், மீன் குழம்பு வரட்டும், மடங்குறேன். இதுக்கு மாட்டேன்."

"என்னண்ணே, சுளுக்கா?" என்றான் கடைக்காரன்.

"என்னமோ தெரியலப்பா. ரெண்டு இட்லி வை."

மறுநாளும், அடுத்தடுத்த வாரங்களிலும் அதே கதை. நாக்கு கெஞ்சியது, ஏசியது. உள்ளே கத்தக் கொழுப்பு வரவில்லை. காவலர்கள் மெல்லத் தணிந்தார்கள். களிம்பின் வேலையும் நிலைத்தது. செதில் அடங்கியது. நாற்காலியில் மறுபடி ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

"நல்ல களிம்பு," என்றார்கள். "கைராசி டாக்டர்," என்றார்கள்.

நாக்கைக் கேளுங்கள். வைதுகொண்டே உண்மையைச் சொல்லும்: தீயை அணைத்தது முழங்கை.